குடவோலையைத் தேடி

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் என இன்று வழங்கும் பழைய சபை மண்டபத்தில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த குடவோலை முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. அதுபற்றிக் கட்டுரை எழுதப் புகும் மாணவர் முதலில் நாடுவது பெரும்பாலும் கைப்பேசியிலுள்ள தேடுபொறியையே. 'குடவோலை' என உள்ளிட்டவுடன் பக்கங்கள் வந்து குவிகின்றன. சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. உறுப்பினராகத் தகுந்த வயது 35 முதல் 70 வரை என்கின்றன சில பக்கங்கள். 30 முதல் 60 வரை என்கின்றன வேறு சில. எதனை ஏற்பது?

பெரும்பான்மையை வைத்து முடிவு செய்வது எளிது. ஆனால், ஒரே செய்தியைப் பத்துப் பக்கங்கள் கூறுவதால் மட்டும் அவை பத்துச் சான்றுகள் ஆகிவிடா. ஒன்றைப் பார்த்து மற்றவை எழுதப்பட்டிருப்பின், சான்று ஒன்றே.

தேடுபொறி எவ்வாறு இயங்குகிறது?

வினா எழுப்பிய நொடியில் தேடுபொறி இணையம் முழுவதையும் படித்துப் பார்ப்பதில்லை. முன்னரே பக்கங்களைத் திரட்டி, எச்சொல் எப்பக்கத்தில் உள்ளது என ஒரு பெரும் சொல்லடைவைச் செய்து வைத்திருக்கிறது. விடை அந்த அடைவிலிருந்தே வருகிறது. எதனை முதலில் காட்டுவது என்பதற்கு, லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் 1998இல் நிறுவிய கூகுள் ஒரு வழியைக் கையாண்டது. பிற பக்கங்கள் பலவும் இணைப்புத் தந்து சுட்டும் பக்கம் முதன்மையானது என்பது அதன் அடிப்படை. இன்று வேறு பல கூறுகளும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. எனினும், இவ்வழி அளப்பது ஒரு பக்கத்தின் புகழை. அதன் உண்மையை அன்று.

தமிழில் தேடுவோர்க்கு இன்னொரு தடையும் உண்டு. நம் சொற்கள் வேற்றுமை உருபேற்றும் புணர்ந்தும் வடிவம் மாறுபவை. 'குடவோலை' என்பதைக் 'குட ஓலை' எனப் பிரித்து எழுதியோரும் உளர். ஊர்ப்பெயரோ உத்திரமேரூர், உத்தரமேரூர் என இருவகையாக எழுதப்படுகிறது. ஆங்கிலேயர் கால ஆவணங்களில் உத்தரமல்லூர் என்றும், கல்வெட்டில் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்றும் காணப்படுகிறது. ஒரு வடிவத்தை மட்டும் உள்ளிடுபவர்க்கு மற்ற வடிவங்களில் உள்ளவை தப்பிவிடக்கூடும். ஒருங்குறி பரவும் முன் வேறு குறியாக்கங்களில் ஏற்றப்பட்ட பழைய தமிழ்ப் பக்கங்களும் இவ்வாறே தேடலுக்கு அகப்படாமல் போகலாம்.

தேடலைக் கூர்மையாக்கச் சில குறிகள் உதவும். தொடரை இரட்டை மேற்கோள்குறிக்குள் இட்டால் அத்தொடர் அவ்வாறே உள்ள பக்கங்கள் கிடைக்கும். வேண்டாத சொல்லின் முன் இடைவெளியின்றிக் கழித்தற்குறி இட்டால் அச்சொல் உள்ள பக்கங்கள் விலகும். போட்டித்தேர்வு வினாவிடைப் பக்கங்களே திரையை நிறைக்கும்போது, 'வினா' என்பதைக் கழித்துத் தேடுவது பெரிதும் பயன் தரும்.

கருவியைத் தெரிதல்

எல்லா வினாவுக்கும் ஒரே கருவி பொருந்தாது. முதல் அறிமுகத்திற்கு விக்கிப்பீடியா போதும். ஆனால் கட்டுரையைக் காட்டிலும் அதன் அடியிலுள்ள மேற்கோள் பட்டியலே ஆய்வு மாணவர்க்கு மிகுதியாக உதவும். 'வாரியம்' போன்ற சொல்லின் பொருளறிய, சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடும் வசதியுடன் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி உண்டு. பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், இணைய ஆவணக் காப்பகமும் உண்டு. இங்குள்ள நூல்கள் பலவும் பக்கப் படங்களாக வருடப்பட்டவை. படத்திலுள்ள எழுத்தைப் பொதுத் தேடுபொறி பெரும்பாலும் அறியாது. ஆகவே நூலின் பெயரால் தேடி எடுத்து, பொருளடக்கம் பார்த்து, பக்கம் புரட்டியே படிக்க வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

அவ்வாறு தேடும் மாணவர், இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையை அடைவார். வி. வெங்கையா இக்கல்வெட்டுகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை அதில் உள்ளது. வயது பற்றிய குழப்பம் அங்கே நீங்குகிறது. ஆணைகள் இரண்டு. பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டுக்குரிய முதல் ஆணை (கி.பி. 919) 30 முதல் 60 வரை என்கிறது, 14ஆம் ஆட்சியாண்டுக்குரிய இரண்டாம் ஆணை (கி.பி. 921) அதனைத் திருத்தி 35 முதல் 70 வரை என்கிறது. இருவகைப் பக்கங்களும் பாதி உண்மையையே கூறின. தேடல் முடிவுகளின் உச்சியில் இக்காலத்தில் இயந்திரம் தொகுத்துத் தரும் சுருக்க விடையும் இரண்டு ஆணைகளையும் ஒன்றாகக் கலந்துவிட இடமுண்டு.

வேறொன்றும் தெரியவருகிறது. இது மக்கள் வாக்களித்த தேர்தல் எனப் பலரும் எழுதுகின்றனர். கல்வெட்டு கூறுவது திருவுளச்சீட்டு முறையை ஒத்தது: தகுதியுடையோர் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அத்தகுதியும் எல்லார்க்கும் உரியதன்று. வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வேதக் கல்வி ஆகியன வேண்டும். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். இவ்விதிகளைப் படித்த மாணவர் தம் கட்டுரையின் தலைப்பையே மாற்ற நேரலாம். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என அங்குக் காணும் பெயர்கள், அவர் அடுத்து உள்ளிட வேண்டிய தேடுசொற்கள்.