ஓப்பன் டே போகிறீர்களா?

பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் ஓப்பன் டே, அதாவது சேர விரும்பும் மாணவர்கள் நேரில் வந்து பார்க்கும் நாள், பெரும்பாலும் ஜூன், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நடக்கும். அந்தக் கூட்டமும் இரைச்சலும் ஆட்டிசம் உள்ள மாணவரைச் சீக்கிரமே களைப்பாக்கிவிடலாம்.

முன்பதிவு செய்த கையோடு மாற்றுத்திறனாளி மாணவர் உதவிப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அமைதியான அறை உண்டா, வேறொரு நாளில் தனியாகச் சுற்றிப் பார்க்கலாமா? தயங்காமல் கேளுங்கள். நியாயமான மாற்று ஏற்பாடுகள் செய்வதை 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பல்கலைக்கழகங்களின் கடமையாகவே ஆக்கியிருக்கிறது.

எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. பாடப்பிரிவு விளக்கம், விடுதி இரண்டும் போதும். விடுதிக்கு நேரம் ஒதுக்குங்கள்: ஜன்னலைத் திறந்து சாலைச் சத்தத்தைக் கேளுங்கள், விளக்கைப் போட்டு அது கண்ணைக் கூசவைக்கிறதா என்று பாருங்கள், சமையலறையை எத்தனை பேர் பகிர்கிறார்கள், தனிக் குளியலறை கிடைக்குமா என விசாரியுங்கள்.

கேள்விகளைத் தாளில் எழுதி வைத்திருந்தால், பேச்சு வராதபோது அதையே நீட்டலாம். பெற்றோர்களே, பிள்ளை பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

இங்கிலாந்தில் வசிக்கும் மாணவர் என்றால் மாற்றுத்திறனாளி மாணவர் உதவித்தொகை பற்றியும் அன்றே கேட்டுவிடுங்கள். ஆட்டிசத்துக்கும் அது உண்டு. கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டாம்.