தொழிலும் மனநலமும்

மனம் நோயுற்ற மகனை, "உனக்கேன் வேலை? ஓய்ந்திரு" என்போம். அன்புதான், எனினும் மருந்தன்று.

1790ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யார்க் நகர மனநோய் விடுதியில் ஹன்னா மில்ஸ் என்னும் குவேக்கர் சமயப் பெண்மணி இறந்தார். அவரைக் காணச் சென்றோர்க்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. நெஞ்சம் நொந்த தேயிலை வணிகர் வில்லியம் டியூக், தம் சமயத்தார் துணையுடன் 1796இல் 'ரிட்ரீட்' இல்லத்தைத் திறந்தார். அங்குச் சங்கிலிகள் இல்லை. தோட்டவேலை, தையல், முயல்களையும் கோழிகளையும் பேணுதல் ஆகியன இருந்தன. தம்மை நம்பிப் பணி ஒப்படைக்கப்பட்டதை உணர்ந்த நோயாளர், தம்மைத் தாமே அடக்கியாளக் கற்றனர்.

பிற்காலப் பெருவிடுதிகளிலோ சலவையும் சமையலும் நோயாளரின் ஊதியமில்லா உழைப்பால் நடந்தன. அதனைச் சிகிச்சை என்றல் தகுமோ?

1990களில் அமெரிக்காவில் உருவான முறை வேறு. நோய் முற்றும் நீங்கும்வரை காத்திராமல், நோயாளி தாம் விரும்பும் தொழிலை வெளியுலகில் உரிய ஊதியத்துடன் பெறச் செய்கின்றனர். அதன்பின்னும் மருத்துவரும் தொழில் வழிகாட்டியும் உடனிருந்து துணைபுரிகின்றனர்.