தட்டில் தெரிவதும் தெரியாததும்

வாசிப்பதற்கு முன்: வேற்று நாட்டு உணவகம் ஒன்றில் அமர்ந்திருக்கிறீர்கள். உணவுப் பட்டியல் நீங்கள் அறியாத மொழியில் உள்ளது. நீங்கள் உண்ணாத உணவைத் தவிர்க்க என்ன செய்வீர்கள்?

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னா இசைக்குப் பெயர்பெற்ற நகரம். உணவுக்கும் பெயர்பெற்ற நகரம். நகரின் நடுவே உயர்ந்து நிற்கும் புனித ஸ்டீபன் பேராலயத்தின் அருகில் ஒரு குறுகிய நடைவழி உண்டு. அங்கே 1905ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஃபிக்ல்முல்லர் என்னும் உணவகம் இன்றும் இயங்கி வருகிறது. முன்பதிவு செய்யாமல் வருவோர் பெரும்பாலும் வாசலில் வரிசையில் காத்திருக்க நேரிடும். அவர்களுள் பலர் 'ஷ்னிட்சல்' என்னும் உணவைச் சுவைக்க வந்த சுற்றுப்பயணிகள்.

ஷ்னிட்சல் செய்முறை எளிமையானதுதான். இறைச்சித் துண்டை மெல்லியதாகும்வரை தட்டுவார்கள். அதைக் கோதுமை மாவில் புரட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் ஒற்றியெடுப்பார்கள். பிறகு சூடான கொழுப்பில் மிதக்கவிட்டுப் பொரிப்பார்கள். பொரியும்போது மேலோடு இறைச்சியைவிட்டு விலகி, அலை அலையாக உப்பி வர வேண்டும். அதுவே பக்குவத்தின் அடையாளம். மேற்கூறிய உணவகத்தின் ஷ்னிட்சல் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. தட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

இங்கேதான் வருகையாளர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. 'வீனர் ஷ்னிட்சல்' என்றால் 'வியன்னா ஷ்னிட்சல்' என்று பொருள். ஆஸ்திரிய உணவு விதிமுறைகளின்படி, வேறு விளக்கம் எதுவும் சேர்க்காமல் அந்தப் பெயரை மட்டும் எழுதினால் அது கன்றிறைச்சியில் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். பன்றி இறைச்சியைப் பயன்படுத்தினால் அதைப் பெயரிலேயே தெரிவிக்க வேண்டும். பன்றி இறைச்சியின் விலை குறைவு என்பதால் பல உணவகங்களில் அதுவே மிகுதியாக விற்கப்படுகிறது. ஃபிக்ல்முல்லர் உணவகத்தின் பெயரைத் தாங்கிய புகழ்பெற்ற ஷ்னிட்சலும் பன்றி இறைச்சியில் செய்யப்படுவதே. எனவே, நான்கு ஜெர்மானியச் சொற்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 'கால்ப்' என்றால் கன்று. 'ரிண்ட்' என்றால் மாடு. 'ஷ்வைன்' என்றால் பன்றி. 'ஹூன்' என்றால் கோழி.

இந்த நான்கு சொற்கள் மட்டும் போதுமா? போதா. பெயரில் இடம்பெறாத பொருள்களும் உணவில் கலந்திருக்கலாம். கோழி ஷ்னிட்சல்கூடச் சில இடங்களில் பன்றிக்கொழுப்பில் பொரிக்கப்படுகிறது. வேறு சில இடங்களில் நெய்யோ தாவர எண்ணெயோ பயன்படுத்தப்படுகிறது. உருளைக்கிழங்கு சாலட் பார்ப்பதற்குச் சைவ உணவாகவே தோன்றும். ஆயினும், வியன்னா முறைப்படி அதில் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு சேர்ப்பார்கள். தோசைபோல் மெல்லியதாகச் சுட்டு நாடாவாக நறுக்கிய அப்பத்துண்டுகள் மிதக்கும் சூப்பும் அத்தகையதே. 'கைசர்ஷ்மாரன்' என்னும் இனிப்பில் சேர்க்கும் உலர்திராட்சையைச் சிலர் மதுவில் ஊறவைப்பதும் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளுக்கேற்ப, 2014ஆம் ஆண்டின் இறுதி முதல் உணவகங்கள் ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருள்களைப் பற்றி வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆஸ்திரிய உணவுப் பட்டியல்களில் இத்தகவலைப் பெரும்பாலும் எழுத்துகளால் குறிக்கிறார்கள். 'ஏ' என்பது கோதுமை போன்ற தானியங்களையும், 'சி' என்பது முட்டையையும், 'ஜி' என்பது பாலையும் குறிக்கும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது பேருதவி. எனினும், மாட்டிறைச்சி, பன்றிக்கொழுப்பு, மது ஆகியவை அந்த 14 வகைகளில் இடம்பெறவில்லை. சமயத்தாலோ கொள்கையாலோ சில உணவுகளைத் தவிர்ப்பவர் அந்த எழுத்துகளை மட்டும் நம்பியிருக்க முடியாது. வாய்திறந்து கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்பதற்குச் சிலர் தயங்குவார்கள். பணியாளர் பரபரப்பாக இருக்கிறார், தவறாக நினைப்பாரோ என்று எண்ணி, வந்ததை உண்டுவிட்டுப் பின்னர் வருந்துவார்கள். தயக்கம் தேவையில்லை. "இதில் இறைச்சி உண்டா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "இதை எந்தக் கொழுப்பில் பொரிக்கிறீர்கள்? இதில் இறைச்சிச் சாறு சேர்க்கிறீர்களா?" என்று குறிப்பாகக் கேட்பதே பயன்தரும். பதில் நிறைவாக இல்லையெனில் வேறு உணவைத் தேர்ந்தெடுக்கலாம். பாலாடைக்கட்டி சேர்த்த சிறு மாவுருண்டைகளும், ஆப்பிள் துண்டுகளை மெல்லிய மாவுத்தாளில் சுருட்டிச் சுடும் 'ஆப்ஃபெல்ஸ்ட்ரூடல்' என்னும் இனிப்பும் பல உணவகங்களில் கிடைக்கும். மாவுத்தாளுக்கு அடியில் வைத்த செய்தித்தாளைப் படிக்க முடிய வேண்டும்; அந்த அளவுக்கு மெல்லியதாக அதை இழுக்க வேண்டும் என்பார்கள்.

நம் பழக்கத்தை மதிக்குமாறு பிறரிடம் எதிர்பார்க்கும் நாம் அவர்களின் பழக்கத்தையும் மதிக்க வேண்டும் அல்லவா? ஆஸ்திரிய உணவகத்தில் நுழையும்போது 'க்ரூஸ் கோட்' என்று வணக்கம் சொல்வது வழக்கம். சில மேசைகள் நாள்தோறும் வரும் வாடிக்கையாளர்களுக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். அவற்றில் நாமாக அமரக் கூடாது. மேசையில் வைக்கப்படும் ரொட்டிக்கும் சில இடங்களில் கட்டணம் உண்டு. கேட்கும்வரை கட்டணச்சீட்டைக் கொண்டுவர மாட்டார்கள். விருந்தினரை விரட்டக் கூடாது என்பதே அதன் காரணம். அதை அலட்சியம் என எண்ணிவிடக் கூடாது. உணவு மனநிறைவு அளித்தால் ஐந்து முதல் பத்து விழுக்காடுவரை கூடுதலாகச் சேர்த்து, தர விரும்பும் மொத்தத் தொகையைப் பணியாளரிடம் சொல்லிச் செலுத்துவார்கள்.

வியன்னாவின் உணவே பல மக்களின் பழக்கங்கள் கலந்து உருவானதுதான். 1918ஆம் ஆண்டுவரை அந்நகரம் ஒரு பெரும் பேரரசின் தலைநகராக விளங்கியது. 'குலாஷ்' என்னும் இறைச்சிக் குழம்பு ஹங்கேரியிலிருந்து வந்தது. மாவுருண்டைகள் பல, இன்றைய செக் குடியரசின் பகுதியான பொஹீமியாவிலிருந்து வந்தன. பலரையும் வரவேற்றுப் பழகிய அந்த மேசையில் தன் கொள்கையோடு வரும் விருந்தினருக்கும் இடமுண்டு. அவர் பணிவோடும் தெளிவோடும் கேட்டறிந்து உண்டால் போதும்.

அருஞ்சொற்பொருள்
பக்குவம் – சரியான பதம்
ஒவ்வாமை – சில பொருள்களை உடல் ஏற்றுக்கொள்ளாத நிலை
அலட்சியம் – பொருட்படுத்தாமை
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் கணக்கு

கருத்தறிதல் வினாக்கள்
1. ஷ்னிட்சல் பக்குவமாகப் பொரிந்துள்ளது என்பதை எவ்வாறு அறியலாம்?
2. 'வீனர் ஷ்னிட்சல்' என்னும் பெயரை உணவகங்கள் பயன்படுத்துவது குறித்து விதிமுறை கூறுவது யாது?
3. உருளைக்கிழங்கு சாலட் எல்லாச் சைவ உணவாளர்களுக்கும் ஏற்றதன்று. ஏன்?
4. உணவுப் பட்டியலில் உள்ள எழுத்துகள் யாருக்குப் போதுமானவை? யாருக்குப் போதுமானவை அல்ல? காரணத்துடன் விளக்குக.
5. உம் ஊர் உணவகத்திற்கு ஆஸ்திரிய மாணவர் ஒருவர் வருகிறார். அவருக்கு நிலக்கடலை ஒவ்வாமை உண்டு. அவர் என்னென்ன கேட்டறிய வேண்டும் என்பதை 60 சொற்களில் எழுதுக.