சாக்கடைக்குள் எது போகலாம்?

காலை நேரம். நகரத்தின் கடைத்தெரு. அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை. கடைக்கு முன்னால் பாதாளச் சாக்கடையின் மூடி இருக்கிறது. அன்று அந்த மூடியைத் தள்ளிக்கொண்டு கழிவுநீர் பொங்கியது. தெருவெல்லாம் நாற்றம். கடைக்கு யாரும் சாப்பிட வரவில்லை.

கடைக்காரர் ஒரு கூலி ஆளை அழைத்து வந்தார்.

"உள்ளே இறங்கி அடைப்பை எடுத்துவிடு. ஐந்நூறு ரூபாய் தருகிறேன்" என்றார்.

அந்த ஆள் சட்டையைக் கழற்றினார். அப்போது நகராட்சி மேற்பார்வையாளர் இயந்திர வண்டியோடு வந்து சேர்ந்தார்.

"நிறுத்துங்கள்! யாரும் இறங்கக் கூடாது!"

"ஐந்து நிமிட வேலைதானே, ஐயா?" என்றார் கடைக்காரர்.

"உயிர் போக அவ்வளவு நேரம் கூட வேண்டாம். சாக்கடைக்குள் விஷவாயு இருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் அந்த நாற்றமும் மூக்குக்குத் தெரியாது. இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்கப் போனவரும் விழுவார்."

இயந்திரம் அடைப்பை வெளியே இழுத்துப் போட்டது. கல் போன்ற ஒரு வெள்ளைக் கட்டி. அதில் துணி, சோறு, பிளாஸ்டிக் பை எல்லாம் ஒட்டியிருந்தன.

"இது என்ன?" என்று கேட்டார் கடைக்காரர்.

"நீங்கள் ஊற்றிய எண்ணெயும் கொழுப்பும்தான். சூடாக ஊற்றும்போது தண்ணீர் போல ஓடும். குழாயில் ஆறியதும் உறையும். அதில் மற்றக் குப்பைகள் சிக்கும். இந்தக் கட்டிக்காகத்தான் ஒரு மனிதரை உள்ளே அனுப்பப் பார்த்தீர்கள்."

கூலி ஆள் மறுபடியும் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குழாய் எங்கே போகிறது?

நாம் ஊற்றுவது கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஆனால் காணாமல் போய்விடுவதில்லை. பாதாளச் சாக்கடை கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே முதலில் கம்பி வலைகள் குப்பையைத் தடுக்கும். பிறகு மணலும் சேறும் தொட்டியில் படியும். அதன் பின் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும்.

அந்த நுண்ணுயிர்கள்தான் அங்கே உண்மையான வேலைக்காரர்கள். அமிலத்தை ஊற்றினால் அவை செத்துப்போகும். குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களை அவற்றால் தின்று தீர்க்க முடியாது. அந்த உலோகங்கள் சேற்றிலும் நீரிலும் தங்கிவிடும்.

கான்பூரில் நடந்தது

உத்தரப்பிரதேசத்தில் கங்கைக் கரையில் கான்பூர் நகரம் உள்ளது. அங்கே ஜாஜ்மவ் என்ற பகுதியில் தோல் பதனிடும் ஆலைகள் ஏராளம். தோலைப் பதனிடக் குரோமியம் பயன்படுகிறது. ஆலைகளின் கழிவு கங்கையில் கலந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

1987ஆம் ஆண்டு செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. கழிவைத் தன் இடத்திலேயே முதல்நிலைச் சுத்திகரிப்பு செய்யாத ஆலை இயங்கக் கூடாது என்றது நீதிமன்றம். குறைந்தபட்சக் கூலி கொடுக்க முடியாத ஆலையை நடத்த விடுவதில்லை. கழிவைச் சுத்தம் செய்ய முடியாத ஆலைக்கும் அதே நியாயம்தான் என்று தீர்ப்பு விளக்கியது.

1994இல் ஜாஜ்மவில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அது நாளொன்றுக்கு 3 கோடியே 60 லட்சம் லிட்டரைச் சுத்தம் செய்யக் கட்டப்பட்டது. ஒரு பங்கு ஆலைக் கழிவு, மூன்று பங்கு வீட்டுக் கழிவுநீர் என்பது கணக்கு. சுத்தம் செய்த நீர் வயல்களுக்குப் பாய்ந்தது. ஆனால் குரோமியம் முழுவதும் நீங்கவில்லை. அது வயல் மண்ணில் போய்ச் சேர்ந்தது. ஆலையின் வாசலிலேயே தடுக்க வேண்டியதை வயலுக்கு வந்த பிறகு தடுக்க முடியுமா?

விதிகள் என்ன சொல்கின்றன?

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1988இல் திருத்தப்பட்டது. அதன்படி, மாசு உண்டாக்கும் தொழில் நடத்துபவர் தன் கழிவைச் சாக்கடையில் விட மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற வேண்டும்.

1993இல் மத்திய அரசு பொதுவான அளவுகளை வகுத்தது. பொதுச் சாக்கடையில் விடும் தொழிற்கழிவு நீரில், ஒரு லிட்டருக்கு:

• எண்ணெய், கொழுப்பு – 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது.
• மிதக்கும் தூசி, துகள் – 600 மில்லிகிராமுக்கு மேல் கூடாது.
• குரோமியம் – 2 மில்லிகிராமுக்கு மேல் கூடாது.
• ஈயம் – 1 மில்லிகிராமுக்கு மேல் கூடாது.

அமிலம், காரம் ஆகியவற்றுக்கும் எல்லை உண்டு. அதைக் காட்டும் பி.எச். எண் 5.5 முதல் 9 வரை இருக்கலாம்.

ஆற்றில் நேராக விடும் நீருக்கு விதி இன்னும் கடுமை. அதில் துகள் 100 மில்லிகிராம்தான் இருக்கலாம். சாக்கடை நீர் பிறகு சுத்தமாகும் என்ற நம்பிக்கையில்தான் சற்று அதிகம் அனுமதிக்கிறார்கள்.

குப்பைக்கும் விதி உண்டு. வீட்டுக் குப்பையை வடிகாலில் போடக் கூடாது என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் கூறின.

எல்லாவற்றுக்கும் மேலானது மனித உயிர். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் யாரையும் சாக்கடையில் இறக்கக் கூடாது. இது 2013ஆம் ஆண்டுச் சட்டம். மீறினால் சிறை அல்லது அபராதம், இரண்டும் கூடக் கிடைக்கலாம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் எத்தனை லட்சம் கொடுத்தாலும் போனவர் திரும்பி வருவாரா?

நாம் என்ன செய்யலாம்?

• மீந்த எண்ணெயைத் தனியே சேர்த்து வையுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள்.
• சோறு, எலும்பு, காய்த்தோலைக் குப்பையில் போடுங்கள்.
• துணி, பிளாஸ்டிக், மாதவிடாய்ப் பஞ்சு ஆகியவற்றைக் கழிப்பறையில் போடாதீர்கள்.
• அமிலம், பெயிண்ட், பூச்சிமருந்தைக் கொட்டாதீர்கள்.
• அடைத்துக்கொண்டால் நகராட்சிக்குச் சொல்லுங்கள். ஆளை இறக்காதீர்கள்.

அந்தச் சாப்பாட்டுக் கடையில் இப்போது கழுவும் இடத்தில் ஒரு சிறிய தொட்டி இருக்கிறது. எண்ணெய் மேலே மிதந்து அதில் நின்றுவிடும். தண்ணீர் மட்டும் கீழே இருக்கும் குழாய் வழியாகப் போகும். வாரம் ஒரு முறை கடைக்காரரே அதை வழித்து எடுக்கிறார்.

பயிற்சி

1. சாக்கடைக்குள் இறங்குவது ஏன் ஆபத்து?
2. சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைத் தின்பவை எவை?
3. கணக்கு: ஒரு சிறு கரண்டி எண்ணெய் 5 கிராம். ஒரு கிராம் என்பது 1000 மில்லிகிராம். லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்றால் அந்த எண்ணெய்க்கு எத்தனை லிட்டர் நீர் வேண்டும்? (விடை: 250 லிட்டர்)
4. உங்கள் தெருவின் சாக்கடை எங்கே போகிறது? கேட்டுத் தெரிந்துகொண்டு நான்கு வரிகள் எழுதுங்கள்.