போதும் என்பதும் ஒரு மருந்து



"போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து" என்று எங்கள் பெரியோர் சொல்வார்கள். இங்கிலாந்தில் குடும்ப வைத்தியராக இருக்கும் எனக்கு, இதில் வரும் 'மருந்து' என்ற சொல் வெறும் உவமையாகத் தோன்றுவதில்லை.

ஒருவரின் கதையைச் சொல்கிறேன். (ஆளை அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியுள்ளேன்.) வயது 47. பகலில் கடை வேலை, வாரத்தில் நான்கு இரவுகள் பெற்றோல் நிலையத்தில் வேலை. சொந்த வீடு உண்டு. வாடகைக்கு விட இரண்டாவது வீடும் வாங்கியிருந்தார். கால் விறைக்கிறது என்று வந்தார். இரத்த அழுத்தம் 172/104. இரத்தப் பரிசோதனையில் நீரிழிவும் தெரிந்தது.

"வேலையைக் கொஞ்சம் குறைக்க ஏலாதோ?" என்றேன்.

"பிள்ளையளுக்காகத்தானே டொக்டர் ஓடுறன்."

"மகன் இப்ப எத்தினையாம் வகுப்பு?"

சிறிது நேரம் யோசித்தார். "எட்டோ ஒன்பதோ... மனிசிக்குத்தான் தெரியும்" என்றவர் தலையைக் குனிந்துகொண்டார்.

உடலில் நடப்பது என்ன?

நித்திரை குறைந்து மனஅழுத்தம் கூடும்போது அதிரினலீன், கோட்டிசோல் போன்ற ஓமோன்கள் அதிகம் சுரக்கின்றன. இவை இரத்த அழுத்தத்தையும் சீனியின் அளவையும் உயர்த்துகின்றன. தெற்காசியர்களான எங்களுக்கு நீரிழிவு மற்றவர்களைவிட இளம் வயதிலும் குறைந்த உடல் எடையிலும் வருகிறது.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்தில் 35 முதல் 40 மணிநேரம் வேலை செய்பவர்களைவிட, 55 மணிநேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 வீதம் அதிகம். இருதய நோயால் இறக்கும் ஆபத்து 17 வீதம் அதிகம்.

ஏன் ஓடுகிறோம்?

இதைப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலும் இது பயம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் ஒரு பையுடன் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய குடும்பம் எங்களுடையது. ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவனுக்கு எவ்வளவு சேர்த்தாலும் காணாது. நானும் பல வருடங்கள் சனி, ஞாயிறு பாராமல் மேலதிக வேலை செய்தவன்தான். ஆனால் அன்று தென்மராட்சியில் ஒரு பாடசாலைத் திண்ணையில் எங்களுக்கு நிம்மதி தந்தது எது? எல்லோரும் உயிருடன் ஒன்றாக இருக்கிறோம் என்பதுதான். கையில் வேறொன்றும் இருக்கவில்லை.

வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே இரண்டு வேலை செய்பவர்களுக்கு நான் இதை எழுதவில்லை. அவர்களின் நிலை வேறு. தேவை தீர்ந்த பின்னும் நிற்கத் தெரியாதவர்களுக்கே எழுதுகிறேன்.

நாம் செய்யக்கூடியவை

1. இந்த வாரம் எத்தனை மணிநேரம் வேலை செய்தீர்கள் என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

2. புதிய கடன் எடுக்குமுன், அதை அடைக்க இன்னும் எத்தனை இரவுகள் வீட்டில் இல்லாமல் இருக்கவேண்டும் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்குப் பாருங்கள்.

3. வாரத்தில் மூன்று நாட்களாவது தொலைக்காட்சி, கைத்தொலைபேசி இல்லாமல் குடும்பமாக இருந்து சாப்பிடுங்கள். பரீட்சைப் புள்ளிகளைப் பற்றி அங்கே பேசவேண்டாம்.

4. ஏழு மணிநேர நித்திரையை வீணான நேரம் என்று எண்ணாதீர்கள்.

5. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டினால் இரத்த அழுத்தம், சீனி, கொலஸ்ரரோல் ஆகியவற்றைப் பரிசோதியுங்கள்.

அந்த அன்பர் இரண்டாவது வீட்டை விற்று, இரவு வேலையை விட்டுவிட்டார். மாத்திரைகள் தொடர்கின்றன. கால் விறைப்பு முழுதாக மாறவில்லை. ஆனால் சீனியும் அழுத்தமும் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. சென்றமுறை வந்தபோது நான் கேட்காமலே சொன்னார்: "மகன் பத்தாம் வகுப்பு, டொக்டர். கணக்கு கொஞ்சம் கஷ்டப்படுறான். இரவில கூட இருந்து பாக்கிறன்."

பிள்ளைகளுக்கு வீடு வாங்கிக் கொடுங்கள், நல்லது. அந்த வீட்டில் நீங்களும் இருங்கள்.