காருக்குள் ஓர் உரையாடல்

காருக்கு வாய் உண்டா? உண்டு என்கிறது இன்றைய அறிவியல். என்ஜின், பிரேக், கதவு, விளக்கு ஆகியவற்றைக் கவனிக்க இக்காலக் கார்களில் தனித்தனிச் சிறு கணிப்பொறிகள் உள்ளன. அவை தமக்குள் செய்தி பரிமாறியாக வேண்டும். ஒவ்வொன்றையும் மற்றொன்றுடன் தனிக் கம்பியால் இணைத்தால் கார் முழுவதும் கம்பிக் கட்டாகிவிடும் அன்றோ? இத்தொல்லையைத் தீர்க்க ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-இல் ஆய்வைத் தொடங்கி, 1986-இல் 'கேன்' என்னும் முறையை வெளியிட்டது.

இம்முறையில், ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே கம்பிகளில் பல கருவிகள் இணைகின்றன. ஒன்று பேசினால் அனைத்தும் கேட்கும். தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் என்ன ஆகும்? ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. சிறிய எண்ணுக்கே முதலிடம்; மற்றது உடனே நிறுத்திக்கொண்டு தன் முறைக்குக் காத்திருக்கும். ஆகவே அவசரச் செய்திகளுக்குச் சிறிய எண்களை அமைப்பார்கள்.

இவ்வுரையாடலை நாமும் கேட்கலாம். ஓட்டுநரின் முழங்கால் அருகே 16 முனைகள் கொண்ட ஒரு செருகுவாய் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்களில் இது கட்டாயம். அதன் 6-ஆம், 14-ஆம் முனைகளே கேன் கம்பிகள். தக்க இணைப்புக் கருவியின் வழியாக நம் கணிப்பொறியை அதில் இணைத்து, "என்ஜினின் வேகம் என்ன?" என்று கேட்டால் இரண்டு எண்கள் விடையாக வரும். அவை 12, 128 என்று கொள்வோம். முதல் எண்ணை 256-ஆல் பெருக்கினால் 3072. அதனுடன் 128-ஐக் கூட்டினால் 3200. அதை 4-ஆல் வகுத்தால் 800. என்ஜின் நிமிடத்துக்கு 800 முறை சுழல்கிறது!

ஆனால் ஓர் எச்சரிக்கை. கேன் செய்தியில் அனுப்பியவர் யார் என்பதற்குச் சான்று இல்லை. யார் பேசினாலும் கருவிகள் நம்பிவிடும். 2015-இல் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், சாலையில் ஓடிய ஒரு ஜீப்பைத் தொலைவில் இருந்தே அடக்கிக் காட்டினர். அதனால் அந்நிறுவனம் சுமார் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய நேர்ந்தது. இன்று பல கார்களில் செருகுவாய்க்கும் உள்வலைக்கும் இடையே காவல் கருவி ஒன்றை வைக்கிறார்கள்.

எனவே பெரியவர் துணையுடன், திறந்த வெளியில், நிறுத்திய காரில் மட்டுமே இதைச் செய்து பார்ப்போம். கேள்வி கேட்பதோடு நிற்போம். கட்டளை இட வேண்டாம். நம் விளையாட்டு பிறர் உயிருக்கு வினையாகிவிடக் கூடாது அல்லவா?