ஊசிக்குப் பயந்து குழாயடியில் கோட்டை விடுகிறோம்

பிள்ளைகளோடு உட்கார்ந்து சிக்கன் சாலட் செய்யலாம் என்றால், "பிராய்லரா? ஹார்மோன் ஊசி போட்டதாச்சே!" என்று ஒரு குரல் எழும். ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவது எந்தப் பண்ணைக்கும் கட்டுபடியாகாது. பிராய்லர் ஆறே வாரத்தில் இரண்டு கிலோ எட்டக் காரணம், வேகமாக வளரும் கோழிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் பெருக்கியதும், அதற்கேற்ற தீவனமும்தான். ஆன்டிபயாடிக் பற்றிய கவலை வேறு, அது நியாயமானது.

மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் கழுவினால் கறி சுத்தமாகிவிடும் என்பதுதான் ஆபத்தான நம்பிக்கை. பச்சைக் கறியில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் கிருமிகள் இருக்கலாம். குழாயைத் திறந்ததும் தெறிக்கும் தண்ணீர், பிள்ளை அலசி வைத்த வெள்ளரிக்காய் மேலும் விழும். கறி வேகப்போகிறது, வெள்ளரி வேகாது. கிருமியைக் கொல்வது 74 டிகிரி செல்சியஸ் சூடு. கனத்த துண்டின் நடுவிலும் அது ஏற வேண்டும். மஞ்சளும் எலுமிச்சையும் அந்த வேலையைச் செய்யாது. ரத்தம் ஒட்டியிருந்தால் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்துவிட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கறி நறுக்கிய பலகையில் காய் நறுக்காதீர்கள்.

பச்சைக் கறி பெரியவர்கள் பாடு. வெந்து ஆறிய நெஞ்சுக்கறியை நார் நாராகப் பிய்ப்பது, மாதுளை உதிர்ப்பது, கொத்தமல்லி ஆய்வதெல்லாம் பிள்ளைகளுக்கு. பாதி மாதுளை வாய்க்குள் போகும், போகட்டும்.

மயோனைஸ் இல்லாமல் சாலட்டா என்பார்கள். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரில் மிளகுத்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு கலந்தால் போதும். என் நாக்குக்கு இதுவே மேல்.

கறி கூடினால் சத்து கூடும் என்பதும் சரியல்ல. வெந்த நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 30 கிராம் புரதம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் தேவை ஏறக்குறைய 16 கிராம்தான். தட்டில் காய்தான் கூட இருக்க வேண்டும்.

வெந்த கறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் அது பல நாள் தாண்டும். அதனால் இந்த சாலட்டை வீட்டிலேயே சாப்பிட்டு முடியுங்கள். பள்ளி டிபன் பாக்ஸில் கட்டிக் கொடுக்காதீர்கள்.